சிறு உதவியை மறுப்பது சிறு குற்றமா?

திருமறையின் 107-வது அத்தியாயத்திற்கு ‘அல்மாஊன்’ என்று பெயர். ஏழே வசனங்கள் கொண்ட இந்த சூராவை நம் வீட்டுச் சிறுவர்களும் தொழுகையில் ஓதுகிறார்கள். அநாதையை விரட்டுபவனையும், ஏழைக்கு உணவளிக்குமாறு பிறரைத் தூண்டாதவனையும் இது முதலில் கண்டிக்கிறது. அடுத்து, தொழுகையில் பொடுபோக்காக இருப்போரையும், பிறர் காண வேண்டும் என்பதற்காக வணங்குவோரையும் எச்சரிக்கிறது. முடிவில் ‘மாஊன்’ எனும் சொற்பப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களைக் குறிப்பிட்டு நிறைவு பெறுகிறது.

மாஊன் என்பது யாது? ஜகாத்தையே இது குறிக்கும் என்று ஹஜ்ரத் அலீ (ரலி) போன்றோர் பொருள் கொண்டார்கள். ஹஜ்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களோ, ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்களின் காலத்தில் வாளியையும் சட்டியையும் இரவல் கொடுப்பதைத்தான் தாங்கள் மாஊன் எனக் கருதி வந்ததாக அறிவித்துள்ளார்கள். இது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. விரிவுரையாளர்கள் கோடரி, உப்பு, தண்ணீர், நெருப்பு ஆகியவற்றையும் இதனுடன் சேர்த்துச் சொல்வதுண்டு.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வாளி கொடுக்க மறுப்பது அவ்வளவு பெரிய பாவமா? தங்கத்தைப் பதுக்கியவனைக் கண்டிப்பது நமக்குப் புரிகிறது. ஒரு சட்டியை மறைத்தவனைத் தொழுகையில் பாராமுகமாக இருப்பவனோடு சேர்த்துச் சொல்வதன் காரணம் என்ன?

இதற்கு விடை காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலையைப் பார்ப்போம். 1904-ல் திருப்பூர் குமரன் பிறந்த ஊர் அது. 1932 ஜனவரியில் அவர் கொடியைப் பிடித்தபடி தடியடி பட்டு உயிர் நீத்ததை நாடே அறியும். அதே ஊரில் கைத்தறி நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக ஒருவருக்கொருவர் செய்து வந்த உதவிகளை யாரும் எழுதி வைக்கவில்லை.

நெசவு ஒருவர் கையால் மட்டும் முடிகிற தொழில் அன்று. தெருவில் பாவை நீட்டிப் பிடிக்கப் பல கைகள் வேண்டும். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கப் பொறுமையான விரல்கள் வேண்டும். தார் சுற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். இன்று உன் பாவுக்கு நான் வந்து நின்றால், நாளை என் பாவுக்கு நீ வந்து நிற்பாய். இதற்குத் தர்மம் என்று யாரும் பெயர் சூட்டியதில்லை. கொடுத்தவர் உயர்ந்ததும் இல்லை, பெற்றவர் தாழ்ந்ததும் இல்லை.

சகோதரர்களே! மாஊனின் தத்துவம் இதில்தான் இருக்கிறது. தர்மம் செய்யும்போது ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயும் இருக்கிறது. அதனால்தான் கொடுத்ததைச் சொல்லிக் காட்டி நோகடித்தால் அந்த தர்மமே பாழாகிவிடும் என்று திருமறை (2:264) எச்சரிக்கிறது. வாளி இரவல் கொடுப்பதில் மேல் கையும் இல்லை, கீழ்க் கையும் இல்லை. இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தொழுகையின் ஸஃப்பும் அப்படிப்பட்டதுதானே? செல்வந்தரும் கூலியாளும் அங்கே தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். பள்ளிவாசலுக்குள் அண்டை வீட்டாரோடு தோள் சேர்த்து நின்றுவிட்டு, வெளியே வந்ததும் அவருக்கு ஒரு சட்டி தர மறுப்பவர், தாம் நின்ற ஸஃப்பைத் தாமே கலைக்கிறார். அவருடைய தொழுகை உடலோடு நின்றுவிட்டது, உள்ளத்தை எட்டவில்லை என்பதற்கு அந்தச் சட்டியே சாட்சி. சிறு பொருளை மறுப்பது பெருங்குற்றத்தின் அடையாளமாவது இவ்வாறுதான்.

கோவையை அடுத்த வடிவேலம்பாளையத்தில் இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியைப் பலரும் அறிவார்கள். எண்பது வயதைக் கடந்த அந்த மூதாட்டி ஓர் இட்லியை 1 ரூபாய்க்கு விற்று வந்த செய்தி 2019-ல் நாடெங்கும் பரவியது. அதற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே ஆட்டுக்கல்லில் மாவரைத்து, விறகடுப்பில் வேகவைத்து அவர் அந்த வேலையைச் செய்து வந்தார். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வயிறார உண்ண வேண்டும் என்பதற்காகவே அவர் விலையை உயர்த்தவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது அந்த 1 ரூபாயைத்தான். இனாமாகக் கொடுத்திருந்தால் அதுவும் நற்செயலே. ஆனால் காசு கொடுத்து உண்டவர் கை நீட்டி நிற்கவில்லை. தன் உழைப்பின் காசில் உண்டோம் என்ற நிறைவோடு எழுந்து போனார். பசியையும் போக்கி, மானத்தையும் காத்த உதவி அது.

இத்தகைய உதவிக்கு மத வேலி கிடையாது. ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, அண்டை வீட்டு யூதருக்குக் கொடுத்தனுப்பினீர்களா என்றே அவர்கள் விசாரித்தார்கள். நம் தெருவிலும் பல சமயத்தார் வாழ்கிறார்கள். அவர்கள் அனைவருக்கும் நம்மீது அண்டை வீட்டார் என்ற உரிமை உண்டு.

இரவல் வாங்குவோருக்கும் கடமை உண்டு. ஃபிக்ஹ் நூல்களில் ‘ஆரியத்’ என்று இதற்கெனத் தனிப் பாடமே இருக்கிறது. வாங்கிய பொருள் ஓர் அமானிதம். அதைப் பழுதின்றித் திருப்பிக் கொடுக்காதவர், அடுத்து வந்து கேட்கும் ஏழைக்கும் கதவை அடைத்துவிடுகிறார்.

இன்று அநேக வீடுகளில் வாளியும் உண்டு, சட்டியும் உண்டு. அப்படியானால் மாஊன் முடிந்துவிட்டதா? இல்லை. வங்கியிலிருந்து வந்த செய்தியைப் படிக்கத் தெரியாத முதியவருக்குப் படித்துச் சொல்வது, நள்ளிரவில் பிரசவ வலி கண்ட அண்டை வீட்டுப் பெண்ணுக்காக வண்டியை எடுப்பது, நம் ஆழ்குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்துக்கொள்ள விடுவது, விண்ணப்பத்தை நிரப்பித் தருவது இவையெல்லாம் இக்காலத்து வாளிகளும் சட்டிகளுமே. ஆனால் இவற்றைச் செய்துவிட்டுப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினால், பிறர் காண வணங்குவோரைப் பற்றி அதே சூரா சொன்ன எச்சரிக்கை நம்மையும் தொட்டுவிடும்.

தாய்மார்களே! அண்டை வீட்டுப் பிள்ளை பாத்திரத்தோடு வாசலில் வந்து நிற்கும்போது, “இல்லை” என்ற சொல் நாவின் நுனிக்கு வருவதுண்டு. அந்த நேரத்தில் நாம் ஓதும் அந்த ஏழு வசனங்களை நினைவில் கொள்வோம்.

தொழுகையை நம் உள்ளத்திலும், சிறு உதவிகளை நம் கைகளிலும் நிலைத்திருக்கச் செய்ய வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.