பூனைக்குட்டியும் மார்கழிப் பனியும்

ஜீவனை எம்பெருமான் ஆட்கொள்ளும் வகையை உணர்த்த நம் சம்பிரதாயத்தில் இரு திருஷ்டாந்தங்கள் உண்டு. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றுவது மர்க்கட நியாயம். இது வடகலையார் நிலை. பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்வது மார்ஜார நியாயம்; இது தென்கலையார் நிலை.

இதனைப் பன்முறை உபந்யாசத்தில் எடுத்துரைத்த அடியேன், செஞ்சிக் குன்றுகளைப் பனி மூடியிருந்த ஒரு மார்கழி விடியலில், ஆசாரத்தை எண்ணித் தாய்ப்பூனையை விரட்டி விறகறையைத் தாழிட்டேன். உள்ளே குட்டிகள் இருந்ததைத் திருப்பாவை சாற்றுமுறைக்குப் பின்னரே அறிந்தேன். கையில் எடுத்தபோது குளிர்ந்திருந்தன, ஒன்று பிழைக்கவில்லை.

"எல்லாம் அவன் செயல்" என்று சொல்லி ஆறலாமோ? கவ்விச் செல்லும் கருணை எம்பெருமானுடையது; தாழிட்ட கை அடியேனுடையது. சரணாகதி நம் பாரத்தை அவன்பால் வைப்பதேயன்றி, பிற உயிர்க்கு நாம் இழைத்ததை அவன்மேல் ஏற்றுவதன்று.

ஆசாரமும் கருணையும் பகையல்ல. மடைப்பள்ளிக்குப் புறத்தே, காற்றுப் படாத மூலையில், ஒரு மரப்பெட்டியைத் தரையினின்று சற்று உயர்த்தி, சிறு வாயில் விட்டு, உலர்ந்த வைக்கோல் இட்டால் போதும். துணி ஈரத்தை உறிஞ்சிக் குளிரூட்டும். பிறந்து சில வாரங்கள் வரை குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காக்கும் ஆற்றலில்லை. ஆதலால் தாயைப் பிரிக்கலாகாது. பசும்பாலும் குட்டிக்கு ஒவ்வாது.

சிங்கவரத்துக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதனைச் சேவிக்கும் ஆஸ்திக அன்பர்கள், தம் திண்ணையோரத்து உயிர்க்கும் சிறிது இடம் அளிக்க வேண்டுமென்பது அடியேனின் விண்ணப்பம்.