வேகமும் தர்மமும்

நாகபுரியிலிருந்து ஹைதராபாத் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருவர் தத்தம் கார்களில் செல்வதாகக் கொள்வோம். ஒரே வகைக் கார். ஒரே வேகம், மணிக்கு 120 கிலோமீட்டர். பருத்திக் கொல்லைகளுக்கு நடுவே நீளும் சாலை. பொழுது சாயும் வேளை. முதலாமவர் கடந்து சென்ற பத்து நிமிடங்களுக்குப் பின் இரண்டாமவர் அதே இடத்துக்கு வருகிறார். அந்தப் பத்து நிமிட இடைவெளியில், வயலில் வேலை முடித்த ஒரு பெண்மணி மறுபுறமுள்ள தம் ஊருக்குச் செல்வதற்காகச் சாலையில் இறங்குகிறார். முதலாமவர் இரவு உணவுக்கு வீடு போய்ச் சேர்கிறார். இரண்டாமவர் காவல் நிலையத்தில் அமர்ந்திருக்கிறார். அந்தப் பெண்மணி இப்போது உயிரோடு இல்லை.

இவ்விருவரில் தவறு செய்தவர் யார்?

இரண்டாமவர் என்று உடனே சொல்லத் தோன்றும். சட்டமும் ஏறத்தாழ அப்படியே சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவின்படி, பிறர் உயிருக்கு ஆபத்து விளையும் வகையில் பொதுச்சாலையில் வண்டி ஓட்டுவதே குற்றம். ஒருவருக்கும் காயம் படாவிட்டாலும் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அதே ஓட்டத்தில் ஓர் உயிர் போய்விட்டால் 106ஆம் பிரிவு வருகிறது. தண்டனை ஐந்து ஆண்டுகள் வரை. நடைமுறையில் முதலாமவரைத் தேடி யாரும் வருவதில்லை. ஆயினும் இருவரும் செய்த செயல் ஒன்றே. ஒருவர் கால் அழுத்திய அளவே மற்றவர் காலும் அழுத்தியது. வேறுபாடு அவர்களிடத்தில் இல்லை. அந்தப் பெண்மணி வயலிலிருந்து கிளம்பிய நேரத்தில் இருக்கிறது.

1976ஆம் ஆண்டில் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் இரு தத்துவ அறிஞர்கள் இதனை ஆராய்ந்தார்கள். வண்டியோட்டியின் எடுத்துக்காட்டை இருவருமே கையாண்டனர். செய்பவன் கையில் இல்லாத ஒன்றைக் கொண்டு அவனை இகழ்வது நியாயமா என்பது அவர்கள் எழுப்பிய வினா. மேலை நாட்டுத் தத்துவ வகுப்புகளில் இன்றளவும் அது விவாதிக்கப்படுகிறது.

நம் மரபில் ஊறியவர்களுக்கு வேறொரு சமாதானம் எளிதில் கைகொடுக்கிறது. எண்ணத்தைக் கொண்டே செயலை அளக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முதலாமவர் யாரையும் கொல்ல எண்ணவில்லை, இரண்டாமவரும் எண்ணவில்லை. ஆகவே இருவரும் குற்றமற்றவர்கள், நடந்தது வெறும் விபத்து என்று முடித்துவிடலாம் அல்லவா?

முடித்துவிட முடியாது. கெட்ட எண்ணம் இல்லாதிருப்பது வேறு, கவனம் இருப்பது வேறு. கவனமின்மையும் ஒரு மனநிலைதான். அதற்கும் நாமே பொறுப்பு. வடமொழியில் இதற்குப் 'பிரமாதம்' என்று பெயர். யோகத்துக்கு இடையூறுகளாகப் பதஞ்சலி முனிவர் எண்ணும் ஒன்பதில் இதுவும் ஒன்று. தமிழில் இச்சொல் எப்படியோ 'வெகு சிறப்பு' என்று பொருள் மாறிவிட்டது. ஒருவர் வண்டியை வேகமாக ஓட்டுவதைப் பார்த்து, "பிரமாதமாக ஓட்டுகிறார்" என்று நாம் வியக்கும்போது, சொல்லின் பழைய பொருள் தன்னை அறியாமலே மெய்யாகிவிடுகிறது!

இக்கவனமின்மையின் அளவைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஆபத்தைக் கண்டு, காலை பிரேக்கின் மீது வைக்க ஒருவருக்கு ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். சாலை உலர்ந்தது, டயர்கள் தேயாதவை. 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஏறத்தாழ 45 மீட்டரில் நின்றுவிடும். 80இல் 69 மீட்டர். 100இல் 97 மீட்டர். 120இல் 129 மீட்டர். இந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கும் செய்தி இன்னும் திடுக்கிடச் செய்வது. 60இல் செல்லும் காரும் 100இல் செல்லும் காரும் அக்கம்பக்கமாகச் செல்லும்போது, ஒரே கணத்தில் இருவரும் ஒரு குழந்தையைக் கண்டதாக எண்ணுங்கள். முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் தொடும்போது அதன் வேகம் எவ்வளவு இருக்கும்? நாற்பது என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் சுமார் 97 கி.மீ.! ஒன்றரை வினாடியிலேயே அது 42 மீட்டர் ஓடிவிட்டது. பிரேக் பிடிக்கத் தொடங்கி மூன்று மீட்டர்தான் ஆகியிருக்கிறது.

இதற்கு ஈடாக நமக்குக் கிடைப்பது என்ன? நூறு கிலோமீட்டர் தூரத்தை 60இல் செல்லாமல் 80இல் சென்றால் 25 நிமிடம் மிச்சம். 80ஐ நூறாக்கினால் மேலும் 15 நிமிடம். நூறை 120 ஆக்கினால் வெறும் பத்து நிமிடம். வேகம் ஏற ஏற மிச்சமாகும் நேரம் குறைகிறது. வண்டி நிற்கத் தேவையான தூரமோ ஒவ்வொரு படியிலும் முன்னைவிட அதிகமாக நீள்கிறது. அந்தப் பத்து நிமிடமும் வழியில் ஒரு தேநீரில் கரைந்துவிடுவதை நெடுந்தூரம் சென்று பழகியவர்கள் அறிவார்கள்.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவற்றுள் பத்தில் ஏழு மரணங்களுக்கு மிகை வேகமே காரணம் என்று பதிவாகியுள்ளது. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் ஏறத்தாழ இரண்டு விழுக்காடுதான். மரணங்களிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவற்றில் நிகழ்ந்தன.

இது ஏன் என்பதை அறிய, கிராமப்புற நெடுஞ்சாலை என்பது உண்மையில் என்ன என்று பார்க்க வேண்டும். காரில் செல்பவருக்கு அது இரு நகரங்களை இணைக்கும் வழி. அங்கே வாழ்பவருக்கு அது தம் ஊரைத் தம் வயலிலிருந்து பிரிக்கும் ஆறு. நான்கு வழிச்சாலை வந்தபோது பல ஊர்களில் பள்ளிக்கூடம் ஒருபுறமும் வீடுகள் மறுபுறமுமாகப் பிரிந்தன. டிராக்டர்காரர் திரும்புவதற்கான இடைவெளி சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அத்தனை தூரம் டீசல் செலவழிக்க மனமில்லாமல் எதிர்த்திசையிலேயே வருவார். கரும்பு ஏற்றிய டிரெய்லருக்குப் பின்விளக்கு இருக்காது. அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் ஓரத்தில் தானியம் உலரும். இரவில் மாடுகள் சாலையின் வெதுவெதுப்பை நாடி வந்து படுத்துக்கொள்ளும். பழுதான லாரி, முக்கோண அடையாளத்துக்குப் பதிலாக நான்கு கருங்கற்களையும் ஒரு மரக்கிளையையும் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கும்; புறப்படும்போது அந்தக் கற்களை அங்கேயே விட்டுச் செல்லும்.

இவையெல்லாம் அவர்கள் தவறுதானே என்று கேட்கலாம். ஆம், இவற்றுள் பல தவறுகளே. எதிர்த்திசையில் வருவதை யாராலும் நியாயப்படுத்த இயலாது. ஆனால் நடந்து செல்பவரின் தவறுக்கு அவர் தம் உடலையே விலையாகத் தருகிறார். காரில் செல்பவரின் தவறுக்கும் பெரும்பாலும் அவரே விலை தருகிறார். இரும்புக் கூட்டுக்குள், பெல்ட்டுக்கும் காற்றுப்பைக்கும் பின்னால் அமர்ந்திருப்பவரும் வெறும் காலுடன் சாலையைக் கடப்பவரும் சமமான இரு தரப்பினர் அல்லர். வலிமை உள்ளவரிடமே பொறுப்பும் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது தர்மத்தின் எளிய கணக்கு. நாகபுரிக்கு வடக்கே இதே 44ஆம் எண் நெடுஞ்சாலை பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் ஓரமாகச் செல்கிறது. அங்கே விலங்குகள் அடியில் கடந்து செல்வதற்காகச் சாலையைப் பல இடங்களில் தூண்கள் மீது உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். புலிகள் அவ்வழியே செல்வது கேமராக்களில் பதிவாகியும் இருக்கிறது. நல்ல செயல், மகிழ வேண்டியது. வயலுக்குப் போய்வரும் மனிதர்களுக்கும் அத்தகைய வழி எல்லா ஊர்களிலும் அமைந்தால் இன்னும் மகிழலாம்.

"எல்லாம் விதிப்படி நடக்கும், ஆயுள் கெட்டியாக இருந்தால் ஒன்றும் ஆகாது" என்று சொல்பவர்களும் உண்டு. சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்படுகிறோம். அதன்பின் மீதியைத் தெய்வத்திடம் ஒப்படைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். இப்படிச் சொல்பவர் எவரும் தம் குழந்தையைக் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றடியில் விளையாட விடுவதில்லை. பெட்டியைப் பூட்டாமல் ஊருக்குப் போவதில்லை. விதி என்னும் சொல் தனக்கு நேர்ந்த துன்பத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவருக்கு உதவலாம். பிறருக்குத் தான் இழைத்த துன்பத்தை மூடிமறைக்க உதவலாகாது. தவிரவும், 'சாலை விதி' என்று சொல்லும்போதும் அதே சொல்லைத்தானே பயன்படுத்துகிறோம்! முந்தைய விதியை நம்புகிறவர் பிந்தைய விதியைக் கைவிடுவது விசித்திரம்.

உடலைத் தேராகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புலன்களைக் குதிரைகளாகவும் காட்டும் கட உபநிடதத்தின் உவமையை அன்பர்கள் அறிவார்கள். வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேசும் எவருக்கும் அது நினைவுக்கு வரும். அவ்வுவமையில் பாதையாக வருபவை புலன்கள் நாடும் பொருள்கள். குதிரைகள் தறிகெட்டால் கெடுபவன் தேரில் உள்ளவன் மட்டுமே. பாதையில் குறுக்கே நடந்து செல்லும் இன்னொருவர் அங்கே பேசப்படவில்லை. ஆன்ம சாதனை பற்றிய உவமை ஆதலால் அது இயல்பே. நெடுஞ்சாலையில் அந்த இன்னொருவர் இருக்கிறார். ஆகையால் இங்கே புலனடக்கம் என்பது தன் நலத்துக்கான சாதனையாக மட்டும் நில்லாது, அகிம்சையாகவும் ஆகிவிடுகிறது. வேகமானியின் முள்ளைக் கீழே வைத்திருப்பவர், தாம் ஒருபோதும் முகம் பார்க்கப்போகாத ஒருவருக்கு நன்மை செய்கிறார். அந்த நன்மைக்கு நன்றி சொல்ல யாரும் வரமாட்டார்கள். ஏனெனில் ஒன்றும் நடந்திருக்காது.

இதுவரை ஓட்டுபவரைப் பற்றியே பேசினோம். பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவரை மறந்துவிடக் கூடாது. பெரும்பாலும் அது நாமாகவே இருக்கிறோம்.

நாகபுரியையும் மும்பையையும் இணைக்கும் சம்ருத்தி மகாமார்க் 701 கி.மீ. நீளம் உடையது. 2022 டிசம்பர் 11 அன்று ஷீரடி வரையிலான முதற்பகுதியும், 2025 ஜூன் 5 அன்று இறுதிப் பகுதியும் திறக்கப்பட்டன. முன்பு சொன்ன இடர்கள் பலவும் இதில் இல்லை. குறுக்கே ஊர் வராது; சந்திப்பு வராது. நேர்கோடாகச் செல்கிறது. ஆனால் அந்த ஒரே சீரான ஓட்டமே மனத்தை மயக்கும். நெடுநேரம் நூறுக்கு மேல் சென்றவருக்கு எண்பது என்பது நிற்பதுபோலத் தோன்றும்; கண் திறந்திருக்க, கவனம் உறங்கிவிடும். 2023 ஜூலை 1ஆம் தேதி, நள்ளிரவு கடந்து சற்று நேரத்தில், இச்சாலையில் புல்டாணா மாவட்டத்தில் ஒரு தனியார் பேருந்து கவிழ்ந்து தீப்பற்றி, உறங்கிக்கொண்டிருந்த பயணிகளுள் 25 பேர் மாண்டனர்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் எல்லை 0.03. குடித்துவிட்டு வரும் ஓட்டுநரின் வண்டியில் நாம் ஏறமாட்டோம். தூங்காமல் வரும் ஓட்டுநரின் வண்டியில் தயங்காமல் ஏறுகிறோம். போதாதென்று அவரைத் தூங்கவிடாமல் செய்பவர்களும் நாமே.

யாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். ஷீரடி, சனி சிங்கணாப்பூர், எல்லோரா அருகே கிருஷ்ணேஸ்வரர், அப்புறம் திரயம்பகம். இரண்டே நாளில் அனைத்தும் முடிய வேண்டும் என்று திட்டமிடுகிறோம். பகலெல்லாம் தரிசனம், இரவெல்லாம் பயணம். நாம் கோயிலில் வரிசையில் நிற்கும்போது ஓட்டுநர் வண்டியை எங்கே நிறுத்துவது என்று அலைகிறார். நாம் அறையில் நீராடி இளைப்பாறும்போது அவர் வெயிலில் கொதிக்கும் வேனுக்குள் கால் மடக்கிப் படுக்கிறார். மாலை ஆறு மணிக்கு, "நேரமாகிறது, கிளம்புங்கள் தம்பி, காலை அபிஷேகத்துக்குப் போய்விட வேண்டும்" என்கிறோம். அவர் மறுக்கமாட்டார். மறுத்தால் அடுத்த முறை வேறு வண்டிக்குப் போய்விடுவோம் என்பது அவருக்குத் தெரியும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று வகுத்தது. அந்தச் சட்டம் நம் வேனின் படியேறி உள்ளே வந்ததே இல்லை.

இறைவனைக் காண விரையும் அவசரத்தில், நமக்காக உழைக்கும் ஒருவரின் உறக்கத்தைப் பறித்து, வழியில் உள்ள முகமறியாத பலரின் உயிரைப் பணயம் வைக்கிறோமா என்பதை யாத்திரைக்குப் பணம் வசூலிக்கும் அன்றே கேட்டுக்கொள்வது நல்லது. இரவு பத்து மணிக்கு மேல் வண்டி ஓடாது என்று முடிவு செய்தால் பட்டியலிலிருந்து ஒரு தலம் குறையும். ஓட்டுநருக்கும் நம்மோடு ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு வேளை சூடான உணவு என்று ஏற்பாடு செய்தால், பன்னிரண்டு பேர் செல்லும் வேனில் தலைக்கு ஒரு சிறு தொகை கூடும். கிளம்பும் நேரத்தை அவரிடமே கேட்க வேண்டும். அவர் ஐந்து மணி என்றால் ஐந்து மணி, எட்டு என்றால் எட்டு.