இன்விற் என்னும் வழக்கொழிந்த சொல்

ஆங்கில பாஷையிலே முன்னாளில் வழங்கி இந்நாளில் வழக்கு வீழ்ந்த சொற்களுள் இன்விற் என்பதும் ஒன்று. இன் என்பது உள்; விற் என்பது அறிவு. மனமும், புத்தியும், நன்றுந் தீதும் பகுத்துணரும் உணர்வும் ஆகிய மூன்றும் அவ்வொரு சொல்லினுள்ளே அடங்கின.

கன்ரபரி நகரத்து மடமொன்றிலிருந்த மைக்கல் என்னுந் துறவி, பிராஞ்சு நூலொன்றைக் கெந்து நாட்டு வழக்கிலே மொழிபெயர்த்து 1340ஆம் ஆண்டில் முடித்தார். அவர் தங் கைப்பட எழுதிய பிரதி இன்றும் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் உளது. அந்நூற்கு அவர் இட்ட பெயர் 'அயன்பைற் ஒவ் இன்விற்' என்பது; உள்ளறிவு மீட்டுங் கடித்தல் என்பது அதன் நேர்ப்பொருள். செய்தபின் இரங்குதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் பகுதியும் மீட்டுங் கடித்தலே யாதலின், அவர் உறுப்புக்கு உறுப்பாகப் பெயர்த்தனர் என்க.

அந்நூற்றாண்டிலே எழுந்த 'பியர்ஸ் பிளௌமன்' என்னுஞ் செய்யுள் நூலிலோ இன்விற் கடிப்பதன்று; காப்பது. உடம்பாகிய கோட்டையிலே உயிராகிய நங்கையைக் காக்குந் தலைவனாக அது உருவகிக்கப்பட்டது. நன்கு காண்டல், நன்கு சொல்லல், நன்கு கேட்டல், நன்கு செய்தல், நன்கு நடத்தல் என்போர் அவன் புதல்வர் ஐவர்.

மனச்சான்று காவலோ, பல்லோ? அயலான் விடையைப் பார்த்தெழுதி அகப்பட்ட மாணாக்கன் அழும்போது நாம் ஐயுறுகின்றோம். அவ்வழுகை பிரம்புக்கு அஞ்சியதாதலுங் கூடும். கடித்தலே மனச்சான்றாயின், பழகிப் பழகி நெஞ்சு காய்த்துப்போனவனே குற்றமற்றவனாவான். அவனுக்குக் கடி உறைப்பதில்லையன்றோ? ஆதலின் காவலே முந்தியது; கடித்தல், உறங்கிய காவலன் காலந்தாழ்த்து விழித்தலேயாம்.

இச்சொல்லை வீழ்த்தியது பிராஞ்சு வழியாக வந்த கொன்சியன்ஸ் என்னும் இலத்தீன் சொல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, தனித்துறையும் பெண்டுறவிகளுக்கென எழுதப்பட்ட நூலொன்றில், இப்புதுச்சொல்லுக்கு இன்விற் என்றே பொருள் கூறப்பட்டது. பின்னர் விருந்தினன் வீட்டுக்காரனாயினான். வந்த சொல்லுக்கு உடனிருந்தறிதல் என்பது பொருள். நம் மனச்சான்று என்பதிலும் அவ்வாறே ஒரு சாட்சி நிற்கின்றது. அது நன்றே. ஆயினும் இழந்ததும் உண்டு. தனித்து நின்ற விற் என்பது நாளடைவில் சாதுரியப் பேச்சும் நகைச்சுவையுமாய்ச் சுருங்கிற்று. ஒருவன் கூரிய அறிவுடையன், மனச்சான்றிலன் என்று இன்று கூசாது சொல்லலாம்; பழைய சொல்லைக்கொண்டு அவ்வாறு சொல்லுதல் எளிதன்று.

இன்னொன்று. அதனினும் முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் இவ்வடிவே உடைய பிறிதொரு சொல் வஞ்சகம் என்னும் பொருளில் வழங்கிற்று. அஃது இதற்கு உறவன்று. அகராதி புரட்டுவோர் இரண்டனையும் மயங்கற்க.