ரிசல்ட் வரும் வாரம்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் பிள்ளை சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தால், ராத்திரி இரண்டு மணிக்கும் அறையில் விளக்கு எரிந்தால், அதைத் திமிர் என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். "செத்துடலாம்போலத் தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். பெற்றோர் பலருக்கு இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் பயம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உள்ளே அடைத்து வைத்திருப்பதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். அழுதால் அழட்டும், அறிவுரை அப்புறம். "ஆமாம்" என்றால் தனியே விடாதீர்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். பிள்ளை தயங்கினால் நீங்களே கூப்பிடுங்கள்.