கிளி யாரை அழைக்கிறது?

வீட்டு நாய் இறந்து மூன்று வாரங்கள் ஆகியிருக்கும். அதற்குச் சோறு வைக்கும் மாலை வேளையில், தாழ்வாரத்துக் கூண்டிலிருந்து "மணி! மணி!" என்று குரல் எழும். குரல் வீட்டுத் தலைவியின் குரல்; அழைப்பதோ கிளி. கிளி வளர்த்தோர் பலர் இத்தகைய நிகழ்ச்சிகளைக் கூறக் கேட்டிருக்கிறோம். கேட்டவருள் சிலர் கண்கலங்குவர். வேறு சிலர், "சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளைதானே" என்று நகைத்து அகல்வர். இரு சாராருமே கிளியை உற்று நோக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் இலக்கியம் கிளியை நன்கறியும். தினைப்புனத்தில் கிளி கடியும் மகளிரைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. பலபட்டடைச் சொக்கநாதப் புலவரோ அழகரிடம் கிள்ளையையே தூது விடுகிறார். கிளியைத் தூதாகத் தேர்ந்த காரணம் வெளிப்படை: அது பேசும். ஆனால் அது சுமந்து செல்வது அனுப்பியவரின் ஏக்கத்தை. கிளிக்கெனச் சொல்ல ஏதேனும் இருக்குமோ என்ற வினா அங்கே எழுவதில்லை. நாயை இழந்த வீட்டிலும் இதுதான் நிகழ்கிறது. நம் துயரத்தைக் கிளியின் வாயில் வைத்துக் கேட்டு நாமே உருகுகிறோம்.

மெய்யியலாரும் கிளியைச் சும்மா விடவில்லை. புனித அகுஸ்தினார் இசை பற்றிய தம் நூலில், பார்த்துச் செய்வதெல்லாம் பகுத்தறிவாகுமென்றால் கிளியையும் காகத்தையும் பகுத்தறிவுள்ளவை என்று கூற வேண்டிவருமே என வாதிடுகிறார். பிரான்சு நாட்டு ரெனே தேகார்ட் 1637-இல் எழுதியதும் ஏறத்தாழ இதுவே: கிளி நம்மைப்போல் சொற்களை ஒலிக்கும், சொல்வதை எண்ணித்தான் சொல்கிறது என்று காட்ட அதனால் இயலாது. அவர்கள் கேட்டது கிளிக்குப் பகுத்தறிவு உண்டா என்பது. அவ்வினாவை அவர்களிடமே விட்டுவிடலாம். பகுத்தறிவு இல்லாத ஓர் உயிருக்குப் பிரிவு வலிக்காதா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

இதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒளி கிடைக்கிறது. விலங்குகளுக்குப் பகுத்தறிவு இல்லை என்று ஐயமின்றிக் கூறியவர் புனித தாமஸ் அக்குவினாஸ். அவரே தம் இறையியல் பெருநூலில், விலங்குகளிடம் எதிர்நோக்கு உண்டா என்றொரு வினாவை எழுப்பி, உண்டு என்று விடையளிக்கிறார். (இறைப்புண்ணியமாகிய எதிர்நோக்கை இங்கே நினைக்க வேண்டாம், அவர் பேசுவது உயிரினங்களுக்கு இயல்பான உணர்ச்சியை.) முயல் வெகு தொலைவில் ஓடினால் நாய் அசைவதில்லை; எட்டிப் பிடிக்கும் தூரமென்றால் பாய்கிறது. அகத்தில் நிகழ்வதைப் புறத்து அசைவு காட்டிக்கொடுக்கிறது என்பது அவர் நியாயம். அதே கண்ணோடு நாமும் கூண்டைப் பார்க்கலாம்.

காட்டில் கிளிகள் கூட்டமாக வாழ்பவை. இலைமறைவில் ஒன்றையொன்று காணாதபோது குரல் கொடுத்தே அவை கூட்டத்தைக் கட்டிக் காக்கின்றன. ஒன்று அழைக்கும், மற்றொன்று மறுகுரல் தரும். மறுகுரல் வந்தால், எல்லாரும் இருக்கிறோம் என்று பொருள். வெனிசுவேலா நாட்டில் மிகச் சிறிய பச்சைக்கிளி இனமொன்றை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட செய்தி வியப்பானது. அக்கிளி ஒவ்வொன்றுக்கும் தனக்கெனத் தனி அழைப்பொலி உண்டாம். கூட்டில் இருக்கும்போதே பெற்றோரிடமிருந்து குஞ்சு அதைப் பெறுகிறது. முட்டைகளைக் கூடு மாற்றி வைத்தபோதும் குஞ்சுகளின் ஒலி வளர்த்த பெற்றோரின் ஒலியையே ஒத்திருந்தது. அதைப் பெயர் என்று சொல்லத்தான் வாய் வருகிறது.

இனி நம் கூண்டுக்கு வருவோம். பறக்கும் பருவம் வருமுன் மரப்பொந்திலிருந்து எடுத்து விற்கப்படும் குஞ்சுக்கு முதற்பிரிவு அங்கேயே நிகழ்ந்துவிட்டது. நாயின் சாவு இரண்டாவது. கூட்டமின்றி வாழ அறியாத அந்த உயிர், வீட்டில் அகப்பட்டவர்களைக் கொண்டு ஒரு கூட்டத்தை அமைத்துக்கொள்கிறது: அம்மா, பிள்ளைகள், வாசலில் படுத்திருக்கும் நாய். அந்த வீட்டில் யாரை எப்படி அழைப்பது என்றும் கற்றுக்கொள்கிறது. "மணி" என்பது அப்படிக் கற்ற அழைப்பு.

மறுப்பும் உண்டு. சோற்றுத் தட்டின் ஓசையும் மாலை வெயிலும் பழக்கத்தால் அச்சொல்லைத் தூண்டலாம். எல்லாப் பிரிவும் துன்பமாகவும் வேண்டியதில்லை. கூண்டைச் சுற்றிவந்த பூனை போய்விட்டால் கிளி நிம்மதியாக உறங்கும். ஆனால் உணவு குறைந்து, ஓயாமல் கத்தியோ முற்றிலும் வாயடைத்தோ, தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் கிளியை முன்னால் வைத்துக்கொண்டு பழக்கம் என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை. நோயாலும் இவை வரக்கூடும். ஆகவே கால்நடை மருத்துவரிடம் காட்டுவது முதற்கடமை.

அழைக்கும் வரையில், அக்குவினாஸ் கூறிய பொருளில் கிளி எதிர்நோக்கியிருக்கிறது எனலாம். பின்பு ஒருநாள் அது நின்றுவிடும். "மறந்துவிட்டது" என்று வீட்டார் ஆறுதல் கொள்வர். மறந்தும் இருக்கலாம். தொலைவில் ஓடும் முயலைக் கண்டு அசையாதிருக்கும் நாயைப் போல, இனி எட்டாது என்று விட்டிருக்கவும் கூடும். வெளியே இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. அழைக்கும்போது மறுகுரல் தரலாம். கத்துகிறதென்று கூண்டின்மேல் துணியை இழுத்து மூடாதிருக்கலாம். ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் கூண்டை வைக்கலாம். விலங்குகளுக்குப் பரிவு காட்டுவது மனிதர் கடன் என்றும், வீணே அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரண் என்றும் 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. மனிதருக்கே உரிய அன்பை விலங்குக்குத் தரலாகாது என்றும் அதுவே எச்சரிக்கிறது. மறுகுரல் தருவது அந்த எல்லையைத் தாண்டுவதாகாது.

நாடுகளின் சட்டமும் இதைத் தொட்டிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி கிளியைத் தன்னினத் துணையின்றித் தனியே வளர்த்தலாகாது. நம் நாட்டிலோ 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நாட்டுக்கிளிகளைக் கூண்டில் வைப்பதையே தடுக்கிறது. "அது எங்கள் பிள்ளை மாதிரி" என்பது இதற்கு விடையாகாது. அதற்காக, கூண்டிலேயே வளர்ந்த கிளியை ஒருநாள் காலையில் திறந்துவிடுவதும் அதற்கு இழைக்கும் கொடுமையே. வனத்துறையினரிடம் ஒப்படைப்பதே முறை.

இன்னொன்றும் உண்டு. நாயின் ஆயுள் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள். சட்டப்படி பதிவுசெய்து வளர்க்கப்படும் ஆப்பிரிக்கச் சாம்பற்கிளியோ 40, 50 ஆண்டுகள்கூட வாழக்கூடும். ஒரு கிளி மூன்று நான்கு நாய்களின் சாவைப் பார்த்துவிடும். அறுபது வயதில் அதை வாங்கியவரின் சாவையும் பார்க்கும். அதன்பின் அவருடைய குரலிலேயே அது வீட்டாரைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருக்கும். வீடு, நிலம், நகை பற்றியெல்லாம் உயில் எழுதுகிறோம். கூண்டு யாரிடம் போகும் என்று அதில் ஒரு வரி சேர்த்தவரை நான் இதுவரை கண்டதில்லை.