திறப்பதும் அறிவதும்

எழுத்துப் பூட்டைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதற்குரிய சொல் தெரிந்திருக்க வேண்டும். மற்றது, பூட்டு தெரிந்திருக்க வேண்டும். சொல் தெரிந்தவனுக்குப் பூட்டைப்பற்றி எதுவும் தெரியவேண்டியதில்லை. பூட்டு தெரிந்தவனுக்குச் சொல் தேவையில்லை. இருவருக்கும் அது ஒரே மாதிரிதான் திறக்கிறது. திறந்துவிட்ட பிறகு பார்க்கிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. அதனாலேயே இரண்டையும் ஒரே அறிவாக எடுத்துக்கொண்டு விடுகிறோம். சரித்திரத்திலும், கவிதை விமர்சனத்திலும், மனிதர்களைப்பற்றி அவசரமாகச் சொல்லிவிடும் தீர்ப்புகளிலும் இந்தக் குழப்பம் புகுந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் பூட்டைப் பார்ப்போம். ஸ்தூலமான பொருளை ஒரு வரியில் தாண்டிவிட்டுத் தத்துவத்துக்குப் போகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது.

நான் பேசும் பூட்டு செஞ்சியில், பழைய பித்தளை வாங்கி விற்கும் ஒரு கடையில் எடைக்கு எடுத்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் உருளை. அதன்மேல் நான்கு வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஆறு ஆங்கில எழுத்துகள். கடைக்காரருக்குச் சொல் தெரியாது. அவரிடம் போட்டவர்களுக்கும் தெரியவில்லை. எந்தக் கதவிலும் எந்தப் பெட்டியிலும் இல்லாமல், ஆனால் பூட்டியபடியே, குத்துவிளக்குகளுக்கும் உடைந்த சொம்புகளுக்கும் நடுவே கிடந்தது. கடைக்காரர் அதை வெறும் பித்தளையாகத்தான் மதித்தார். திறக்காத பூட்டுக்குச் சந்தையில் உலோகத்தின் எடைதான் விலை.

இந்த யோசனை புதிதல்ல. 1206இல் அல் ஜஸாரி தம்முடைய யந்திர நூலில் ஒரு பெட்டிப் பூட்டை விவரித்திருக்கிறார்: மூடியின்மேல் நான்கு முகப்புகள், ஒவ்வொன்றிலும் பதினாறு எழுத்துகள். கணக்குப் போட்டால் 65,536 சேர்க்கைகள். ஐரோப்பாவில் கார்டானோ 1550இல் இப்படியொரு பூட்டைப்பற்றி எழுதினார். உலோகத்தையும் மொழியையும் இணைக்கும் ஆசை அப்போதே இருந்திருக்கிறது. சாவியைத் திருடலாம், நினைவைத் திருட முடியாது என்பது அதன் தர்க்கம்.

அமைப்பு எளிமையானது. நடுவே ஒரு தண்டு. தண்டின்மேல் ஒரே வரிசையாகப் பற்கள். அதைச் சுற்றி வளையங்கள். ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் ஒரு வெட்டு. நான்கு வெட்டுகளும் ஒரே கோட்டுக்கு வந்தால் பற்கள் தடையில்லாமல் நழுவும், தண்டு வெளியே வரும், வளைந்த கம்பி விடுபடும். மூன்று வெட்டுகள் நேராகி ஒன்று மட்டும் விலகியிருந்தாலும் பூட்டு பூட்டுதான். ஆறு எழுத்துகள், நான்கு வளையங்கள்: 1296 சேர்க்கைகள். பொறுமையுள்ளவன் ஒன்றுவிடாமல் முயன்றால் ஓரிரு நாளில் திறந்துவிடலாம். ஆனால் அது பூட்டை அறிவதாகாது. அது பூட்டைச் சலிப்பூட்டிச் சரணடையச் செய்வது.

வேறு வழி இருக்கிறது. பூட்டின் இரு முனைகளையும் பிடித்து, திறப்பதுபோலவே மெதுவாக இழுத்துக்கொண்டு, வளையங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். நான்கும் ஒரே மாதிரி இறுகியிருப்பதில்லை. ஏதோ ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஏனென்றால் நான்கு பற்களும் நான்கு வளையங்களும் துல்லியமாக ஒரே அளவில் அமைவதில்லை. அராவியவனின் கை அப்படிப்பட்டது. எல்லாப் பளுவையும் முதலில் வாங்கிக்கொள்வது ஒரே ஒரு பல். அந்த வளையத்தை ஓரோர் எழுத்தாக நகர்த்தினால் ஓரிடத்தில், தலைமுடி அளவுக்கு, தண்டு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். உடனே வேறொரு வளையம் இறுகும். அதைப் பார். பிறகு அடுத்தது. இந்த வழியில் அதிகபட்சம் ஆறு ஆறாக நான்கு முறை, அதாவது இருபத்துநான்கு முயற்சிகள். 1296 எங்கே, 24 எங்கே. பெருக்கலாக இருந்த ரகசியம் கூட்டலாகிவிட்டது.

நான்கு வளையங்களும் ஒருசேரப் பிடித்திருந்தால் பூட்டு எதையும் சொல்லியிருக்காது. செய்தவனின் கைப்பிசகு, அவன் அறியாமல் உலோகத்தில் விட்டுப்போன சிறு ஏற்றத்தாழ்வு, அதுதான் வாய் திறக்கிறது. பூட்டைப் புரிந்துகொள்வது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அதன் குறையைப் புரிந்துகொள்வதுதான். இதை மனிதர்கள் விஷயத்துக்கு நீட்டிக்கொண்டு போக எல்லோருக்கும் ஆசை வரும். நாம் பிறரை ‘புரிந்துவைத்திருப்பது’ பெரும்பாலும் அவர்கள் எங்கே இடறுவார்கள் என்று தெரிந்துவைத்திருப்பதுதான். ஆனால் அதற்குப் புரிதல் என்று பெயர் வைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

கில்பர்ட் ரைல் 1949இல் அறிவை ‘இன்னது என்று தெரிவது’, ‘எப்படி என்று தெரிவது’ என இரண்டாகப் பிரித்தார். சொல் தெரிந்தவன் முதல் வகை, விரலால் தடவித் திறப்பவன் இரண்டாம் வகை. பிரிவினை சௌகரியமானது. ஆனால் செஞ்சியில் வாங்கிய பூட்டைச் செஞ்சிக்கோட்டைக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் அது போதவில்லை.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் இணைத்துச் சுற்றி ஓடும் மதில். உள்ளே வாசலுக்குப்பின் வாசல். ராஜகிரியின் உச்சிக்குக் கீழே பாறை பிளந்து கிடக்கிறது. அதன்மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனி உலகம். மலையையே வளையங்களாக அடுக்கிச் செய்த பூட்டு என்று சொன்னால் மிகையில்லை. இந்தப் பூட்டு திறந்த விதத்தைப் பாருங்கள். 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் இங்கே வந்து இறங்கினார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698இல். அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். எட்டு வருஷம். பிறகு, 1750 செப்டம்பரில், புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை அதே கோட்டையை ஒரே இரவில் பிடித்தது. விடிந்து வெளிச்சம் வந்தபின் செங்குத்தான பாறைகளையும் மதில்களையும் அண்ணாந்து பார்த்து, இதையா பிடித்தோம் என்று அவர்களே திகைத்ததாகச் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்தத் திகைப்புதான் எனக்கு முக்கியம். திறந்தவனுக்குத் தான் எதைத் திறந்தோம் என்று தெரியவில்லை. இருட்டு, வேகம், எதிரியின் கலக்கம் எல்லாம் சேர்ந்து நான்கு வளையங்களும் ஒரு கணம் தற்செயலாக நேராகிவிட்டன. மறுபக்கம் சுல்பிகர் கான். முகலாயப் படையோடு இருந்த பீம்சேன் தம் நினைவுக்குறிப்பில், தளபதி மனம் வைத்திருந்தால் வந்த அன்றைக்கே கோட்டையைப் பிடித்திருக்கலாம், போரை இழுத்தடிப்பது தளபதிகளின் வழக்கம் என்ற பொருள்படக் குற்றம்சாட்டுகிறார். பீம்சேன் சொல்வதை முழுக்க ஏற்கவேண்டியதில்லை. முகாம்களில் வம்புக்கு என்றைக்கும் குறைவில்லை. ஆனால் அது பாதி உண்மையென்றாலும், எட்டு வருஷமாகத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன் பூட்டை அறிந்தவன்; ஓரிரவில் திறந்தவன் அறியாதவன் என்றாகிறது. திறந்ததா இல்லையா என்பது அறிவுக்குச் சாட்சியமே அல்ல. வெற்றியை வைத்து அறிவை அளக்கும் சரித்திர ஆசிரியர்கள் இந்த மலையடிவாரத்தில் ஒரு பகல் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

இனி நியாயத்தின் பிரச்னை. ஒரு பூட்டைத் திறக்கத் தெரிந்தவனுக்குத் திறக்க உரிமை உண்டா?

1851இல் லண்டனில் இது பெரிய சர்ச்சையானது. ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சப் கம்பெனியின் பூட்டை இருபத்தைந்து நிமிஷத்தில் திறந்தார். பிறகு பிராமா பூட்டு. திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று கடை ஜன்னலில் பல்லாண்டுகளாகச் சவாலோடு வைத்திருந்தது. அதைப் பதினாறு நாட்களில் பரவலாக ஐம்பத்தோரு மணிநேரம் உழைத்துத் திறந்தார். ஒரு தேசத்தின் தூக்கம் கெட்டது. இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று கேட்டார்கள். 1853இல் வந்த பூட்டுகளைப்பற்றிய நூல் ஒன்று அதற்குப் பதில் சொன்னது: திருடர்களுக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாதவர்கள் பூட்டை நம்பி வாங்குகிறவர்கள்தான். இந்தப் பதிலில் எனக்குச் சம்மதம். குறையை மறைப்பது பூட்டு வியாபாரியைத்தான் காப்பாற்றும்.

ஆனால் இது பாதிப் பதில். பூட்டு வெறும் யந்திரமாக இருந்தால் விஷயம் இதோடு முடிந்தது. பூட்டு என்பது இரண்டு மனிதர்களுக்கு நடுவே இருக்கும் ஒரு ஏற்பாடும்கூட. நம் வீடுகளில் மாமியாரின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்து மருமகளிடம் போனபோது இரும்பா கைமாறியது? சாவியைக் கொடுக்கலாம், திருப்பி வாங்கலாம், பிடுங்கிக்கொள்ளவும் செய்யலாம். சொல் அப்படியல்ல. சொல்லைக் கொடுத்தவனிடமும் அது இருக்கிறது, வாங்கியவனிடமும் இருக்கிறது. திருப்பி வாங்கவே முடியாது. எழுத்துப் பூட்டின் சொல்லை ஒருவனிடம் சொல்வது சாவி கொடுப்பதைவிடப் பெரிய நம்பிக்கை. யாரிடமும் சொல்லாமல் செத்துப்போவதும் ஒரு தீர்மானம்தான். சில சமயம் மறதி.

அப்பனின் பெட்டியைச் சொல் தெரிந்து திறக்கிற மகனுக்குப் பூட்டைப்பற்றிய ஞானம் எதுவும் இல்லை. அவனுக்கு அப்பன் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ விரலால் தடவித் திறக்கிற என்னிடம் இல்லை. செஞ்சிப் பூட்டு எனக்குத் திறந்தது. நான்கு எழுத்துகள் கிடைத்தன. சேர்த்துப் படித்தால் எந்த மொழியிலும் சொல்லாகத் தெரியவில்லை. ஒருவேளை பட்டறையில் அராவியவன் வைத்த நான்கு எழுத்துகள்; ஒருவேளை யாரோ நான்கு பேரின் முதலெழுத்துகள். பூட்டின் அகம் முழுவதும் என் கையில் இருக்கிறது. பூட்டியவர் எந்தப் பக்கத்திலும் இல்லை. ரைலின் இரண்டு வகையிலும் சேராத மூன்றாவது ஒன்று இங்கே இல்லாமலிருக்கிறது. அது எது, எப்படி என்ற கேள்விகளுக்கு அடங்காது. யார் என்ற கேள்வியைச் சேர்ந்தது.

திருமறைக்காட்டில் வேதங்கள் அடைத்த கதவைத் திறக்க அப்பர் ஒரு பதிகம் முழுவதும் பாடவேண்டியிருந்தது என்றும், அடைக்கச் சம்பந்தருக்கு ஒரு பாட்டே போதியது என்றும் பெரிய புராணம் சொல்கிறது. பக்தர்கள் இதை அற்புதமாகப் படிக்கட்டும். எனக்குக் கண்ணில் படுவது, கதவு தாமதமாகத் திறந்ததற்கு அப்பர் வருந்தினார் என்பது. அவருக்குத் தாழ்ப்பாள் பிரச்னையே அல்ல, உள்ளே இருப்பவரின் மனம்தான் பிரச்னை. ஹாப்ஸ் ஐம்பத்தோரு மணிநேரமும் யாருக்காகவும் வருந்தியிருக்க மாட்டார்.

கவிதைக்கு வருவோம். புதுக்கவிதை புரியவில்லை என்று இன்னும் புகார் சொல்கிறவர்கள் கேட்பது சொல்லை: அர்த்தத்தைக் கொடு, திறந்துகொள்கிறேன் என்கிறார்கள். நம் மரபிலேயே அசல் எழுத்துப் பூட்டுகள் உண்டு. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் மாலைமாற்று, சக்கரம், கரந்துறைச் செய்யுள் எல்லாம் எழுத்துகளைத் திருப்பித் திருப்பித் திறக்கவேண்டியவை. திறந்ததும் அவற்றில் பலவும் தீர்ந்துபோகின்றன. புலவனின் சாமர்த்தியத்துக்கு ஒரு சபாஷ், அதற்குமேல் உள்ளே ஒன்றும் இல்லை. புதுக்கவிதையில் நல்லவை அப்படியல்ல. அவற்றில் விமர்சகன் செய்யக்கூடியது இழுத்துப் பிடித்துக்கொண்டு எது இறுகுகிறது, எந்தச் சொல் பளுவைத் தாங்குகிறது என்று பார்ப்பது. இது நேர்மையான வேலை. ஆனால் அது கவிதையின் அமைப்பை அறிவதுதான் என்பதை மறந்து, கவிஞனையே திறந்துவிட்டதாகப் பேசுகிற கட்டுரைகள் நம்மிடம் ஏராளம். உளவியல் பரிச்சயம் கொஞ்சம் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒருவனுடைய பிசகு எங்கே என்று கண்டுபிடித்ததும் அவனே கைக்கு வந்துவிட்டதாக நினைப்பது, பூட்டைப் பொறுத்தவரை திறமை. மனிதனைப் பொறுத்தவரை அது அத்துமீறல், அதுவும் வெறுங்கையோடு திரும்பும் அத்துமீறல்.

செஞ்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். 2025இல் அது யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது, கூட்டம் இன்னும் கூடும். ஊருக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. அங்கே ஒரு பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சுமார் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டும் இருக்கிறது. பிராமியிலிருந்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த கட்டத்தின் எழுத்து. நூற்றாண்டுகளாக யாருக்கும் திறக்காமல் கிடந்த எழுத்து இது. தெரிந்த ஓர் எழுத்திலிருந்து தெரியாத எழுத்துக்கு, இறுகுமிடமும் விட்டுக்கொடுக்குமிடமும் பார்த்துத்தான் அறிஞர்கள் இதுபோன்றவற்றைத் திறந்தார்கள். சொல்லிக்கொடுக்க யாரும் உயிரோடில்லை. முறையாகத் திறந்த பூட்டு.

திறந்தபின் கிடைத்தது இது: சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உணவு நீத்து நோற்று முடித்த இடம். பெயர் தெரிகிறது. எண் தெரிகிறது. ஒரு எழுத்துகூட இப்போது மூடியில்லை. ஐம்பத்தேழாம் நாள் காலையில் அந்தப் பாறைமேல் கிடந்தவருக்கு என்ன தெரிந்தது, முப்பதாம் நாளில் அவர் வேண்டாமென்று நினைத்தாரா, யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்பதற்கெல்லாம் அந்தக் கல்லில் இறுகும் வளையம் எதுவும் இல்லை. வெயில் ஏறினால் பாறையில் உட்கார முடியாது. அங்கிருந்து பார்த்தால் தெற்கே கோட்டையின் குன்றுகள் தெரியும்.