இரண்டாவதாக வரும் மொழி

ஒலிபெருக்கி பேசுகிறது. சீனம். நீளமாக, ஏறி இறங்கி. நடுவில் கூட்டம் சிரிக்கிறது.

பிறகு ஆங்கிலம், சுருக்கமாக. சிரித்த இடம் அதில் வரவில்லை.

*

ஜென்டிங் ட்ரீம். 335 மீட்டர். ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் கட்டிய கப்பல். 2016-ல், சீனப் பயணிகளை நினைத்தே, குவாங்சோவின் நான்ஷாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் ஓடத் தொடங்கியது. இப்போது சிங்கப்பூரிலிருந்து.

வெளிப்பக்கம் முழுக்க ஒரு கடல்கன்னி, ஒரு விண்வெளி வீரன். ஓவியர் ஜாக்கி சாய் வரைந்த காதலர்கள். கரையில் நிற்பவர்களுக்குத்தான் தெரிகிறார்கள்.

*

சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று.

கப்பலின் படிக்கட்டு வரை வந்து நின்றுகொள்கிறது.

*

விடிகாலை. மேல்தளம். முதியவர்களின் கைகள் உயர்கின்றன. தாய்ச்சி. ஒருவர் கை தாழ, அடுத்தவர் கை தாழ்கிறது.

பின்வரிசையில் இடம் இருக்கிறது. நிற்கிறேன். முழங்கால் நடுங்குகிறது. நடுங்கட்டும்.

*

எல்லோர் கையிலும் பிளாஸ்க். வெந்நீர்க் குழாயின் முன் வரிசை.

வாங்கிக் குடிக்கிறேன். தொண்டை. நெஞ்சு. வயிறு. அவ்வளவு தூரமும் தெரிகிறது.

*

காலைக்குக் கஞ்சி. உப்பிட்ட வாத்து முட்டை, வேர்க்கடலை, ஊறிய காய். எண்ணெயில் பொரித்த நீளமான மாவுத்துண்டு.

இந்தியச் சைவச் சமையலும் இங்கே உண்டு. சமணர்களுக்கு வெங்காயம், பூண்டு, கிழங்கு சேர்க்காமல் தருகிறார்கள்.

கஞ்சியிலேயே இருக்கிறேன். நாக்கு நார்த்தங்காயைத் தேடுகிறது. பிறகு தேடுவதை விடுகிறது.

*

வட்ட மேசை. நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. முழு மீன் வருகிறது, நிற்கிறது, போகிறது. ஒரு மேசைக்கு மூன்று தலைமுறை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், யாரும் யாரையும் தவறவிடவில்லை.

தனியாக வந்தவருக்கு மேசை கொஞ்சம் பெரிது.

*

நண்பகல். நீச்சல் குளம் காலி. தளத்தில் குடைகள்.

வெயிலில் நிற்காதே, கறுத்துப்போவாய். அம்மாவின் குரல், எந்த மொழியிலும்.

*

சூதாட்டக் கூடத்தின் கதவு திறந்து மூடுகிறது. மேசையைச் சுற்றி மூச்சை அடக்கிய முதுகுகள்.

*

எங்கோ மாஜோங் காய்களைக் கலைக்கிறார்கள். கண்ணை மூடினால், பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தையல் மெஷின்கள் ஓடும் கூடம். நைட் ஷிப்ட். காற்றில் பஞ்சுத் தூசி.

கண்ணைத் திறக்கிறேன். கடல்.

*

திருப்பூர்ப் பக்கம், என் ஊர் வீரபாண்டி. பஸ் ஸ்டாப். பீகாரிலிருந்து வந்த பையன். ஒடிசாவிலிருந்து வந்த பெண், இடுப்பில் குழந்தை. பல்லடம் போகிற வண்டியா, திருப்பூர் போகிற வண்டியா. பலகை தமிழில் இருக்கிறது. அவர்கள் கண்டக்டரின் முகத்தைப் படிக்கிறார்கள்.

செக்கிங் மேசையில் சூப்பர்வைசர் துணியை உயர்த்தி விரலால் காட்டுகிறார். ஓட்டை. கறை. தையல் விட்ட இடம். விரல் போன பக்கம் அவர்கள் கண் போகிறது.

அந்தக் கண்களை இங்கே, உணவுக்கூடத்து வரிசையில் நிற்கும்போது, என் முகத்தில் உணர்கிறேன்.

*

கம்பெனியில் ஆங்கிலம் என்றால் பையருக்கு எழுதும் மெயில். அளவு, நிறம், ஏற்றுமதித் தேதி. மிடுக்கான மொழி.

இங்கே அது மெலிந்து, இரண்டு மூன்று சொற்களாக இருக்கிறது. அறையைச் சுத்தம் செய்யும் பெண்ணுக்கும் எனக்கும் நடுவில். டவல். நன்றி. நாளை.

போதுகிறது.

*

ஒரு கல் நினைவுக்கு வருகிறது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1409 என்று தேதியிட்டது. சீனக் கடலோடி செங் ஹெயின் கப்பல்கள் சீனத்திலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்தது. 1911-ல் காலி நகரில் கண்டெடுத்தார்கள்.

அதில் மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. பாரசீகத்தில் அல்லாவுக்கு. தமிழில் தேனாவரை நாயனாருக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு.

தமிழ் எழுத்தைச் செதுக்கிய கை யாருடையது. உளி ஒரு வளைவில் தயங்கியிருக்குமா.

அலை. இன்னொரு அலை.

ஊருக்கு ஒரு மொழி, ஊருக்கு ஒரு தெய்வம் என்று கேட்டறிந்து, கல்லில் வெட்டி, அத்தனை கனத்தையும் கடல் தாண்டிச் சுமந்து வந்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் மார்பு கொஞ்சம் விரிகிறது.

*

கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்துக் கப்பல் குளிக்கத் தண்ணீர் எடுக்கிறது.

வீரபாண்டியில் சாயத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கிறார்கள். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கு முன்பு நொய்யல் ஆறு எந்த நிறத்தில் ஓடியது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஷவரைத் திறக்கிறேன். நிறமில்லாத நீர். நெடுநேரம் நிற்க மனம் வரவில்லை.

*

இரவு. மலாக்கா நீரிணை. சரக்குக் கப்பல்களின் விளக்குகள் வரிசையாக. 1025-ல் ராஜேந்திர சோழனின் படை கடாரத்தைத் தாக்கியது இந்தக் கரைகளில்தான். பிறகு செங் ஹெ. பிறகு யார் யாரோ.

ஏதோ ஒரு கன்டெய்னரில் எங்கள் ஊர்ப் பனியன் இருக்கலாம்.

*

2024 ஜனவரி 1-ல் ஷாங்காயிலிருந்து அடோரா மேஜிக் சிட்டி முதல் பயணம் கிளம்பியது. சீனாவே கட்டிய முதல் பெரிய உல்லாசக் கப்பல். அதே ஆண்டு மே 15 முதல், குழுவாகக் கப்பலில் வரும் வெளிநாட்டவருக்குச் சீனாவின் 13 துறைமுகங்களில் விசா இல்லாமல் அனுமதி, 15 நாள் வரை.

அந்தக் கப்பலில் இரண்டாவது அறிவிப்பு இன்னும் சுருங்குமோ என்று தோன்றுகிறது. தோன்றி, போகிறது.

*

மாஜோங் மேசையில் ஒருவர் எழுந்து போகிறார். மூன்று முகங்கள் என்னைப் பார்க்கின்றன. ஒரு பாட்டி நாற்காலியைத் தட்டுகிறார்.

ஆட்டம் தெரியாது. தலையசைக்கிறேன். அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு காயை என் பக்கம் தள்ளுகிறார். மூங்கில். அடுத்தது, வட்டங்கள். அடுத்தது, எழுத்து.

மூன்றாவதை மறுபடி காட்டச் சொல்லி விரலை நீட்டுகிறேன்.